சான்றிதழுக்கு ஒரு காவலாளி

நர்ஸிங் சேரப்போகிறோம் என்று நம் பிளாக்கிலிருந்து நீங்கள் நாலைந்து பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தீர்கள். எந்தக் காலேஜ் நல்லது, எவ்வளவு மார்க் வேண்டும், ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்றெல்லாம் என் மகளிடம் கேட்டீர்கள். அவளும் பொறுமையாகச் சொன்னாள். படித்து முடித்த பிறகு அவளுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அதனால் நானே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்து பார்த்தேன். ஆறவில்லை.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனை வாசலில் எங்கள் ஸ்டாண்ட். மதியம் ஷிப்ட் மாறும்போது காலை டூட்டி பார்த்த நர்ஸுகள் கூட்டமாக வெளியே வருவார்கள். முகத்தில் களைப்பு இருக்கும், ஆனாலும் நிமிர்ந்து நடப்பார்கள். சவாரி வந்து இறங்கும்போது என் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள், உள்ளே போய் ஒரு நர்ஸைப் பார்த்தால் "சிஸ்டர், சிஸ்டர்" என்று குழைந்துகொண்டு பின்னாலேயே நடப்பார்கள். இதை வருஷக்கணக்காகப் பார்த்தேன். என் மகளும் அப்படி ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளுக்குக் கணக்கு டீச்சர் ஆகத்தான் விருப்பம். அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சேர்ந்த பிறகு அவள் முறைத்துக்கொண்டு படிக்கவில்லை, பிடித்துத்தான் படித்தாள். நாலு வருஷம். விடிவதற்கு முன் எழுந்து, இரண்டு பஸ் மாறி, பயிற்சிக்கு அனுப்பிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். எத்தனை பிரசவம் பார்த்தாள், எத்தனை பிரசவம் தன் கையால் நடத்தினாள் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்கவேண்டும். வீட்டில் என் கையில்தான் பி.பி. பார்த்துப் பழகினாள். என் காலில்தான் கட்டுக் கட்டிப் பழகினாள். ஒருநாள் அவள் எனக்குத் தலை முதல் பாதம் வரை கட்டுப்போட்டு உட்காரவைத்த நேரத்தில் என் ஸ்டாண்ட் நண்பன் வந்துவிட்டான். "இன்னா மச்சி, எந்த லாரி?" என்று பதறிப்போனான். இன்றைக்கும் ஸ்டாண்டில் என்னை லாரி என்றுதான் கூப்பிடுகிறான்.

பரீட்சை தேறி, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்து, நம்பர் போட்ட சான்றிதழ் வந்தது. அன்றிலிருந்து அவள் பதிவு பெற்ற செவிலியர். அந்தக் காகிதத்தையும், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகளையும், காலேஜ் சான்றிதழ்களையும் ஒரு நீல ஃபைலில், ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அடுக்கி வைத்தாள். ஈரக் கையோடு யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டாள். ஆற்றோரம் நாங்கள் இருந்த காலத்தில் வெள்ளம் வந்து என் பள்ளிக்கூட டி.சி.யைக் கூழாக்கிவிட்டுப் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

பிறகு வேலை தேடினோம். சவாரிக்கு நடுநடுவே நான்தான் அவளை ஏற்றிக்கொண்டு போவேன். தி. நகரில் ஒரு நர்ஸிங் ஹோம். உள்ளே போனவள் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னாம்மா, அதுக்குள்ள?"

"எக்ஸ்பீரியன்ஸ் வோணுமாம் நைனா."

"அது எங்க விக்கிதாம்?"

"அத்தத்தான் நானும் கேட்டேன். சிரிச்சிட்டு, அடுத்த ஆள வரச் சொல்ட்டாங்க."

அடுத்த இடத்திலும் இதே கதை. அதற்கடுத்த இடத்தில் படிவத்தில் எங்கள் முகவரியைப் பார்த்தார்கள். ஆற்றோரத்திலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே நம்மைக் குடிவைத்த அடுக்குமாடியின் பெயர் அதில் இருந்தது. "அவ்ளோ தூரத்துலேருந்து டைமுக்கு வருவியா?" என்று கேட்டார்கள். தூரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று அவள் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களா நம்மை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் வேண்டும் என்று மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒரு வீட்டில் கேட்டார்கள். படுக்கையில் இருந்த பாட்டியம்மாவின் மகன் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "அம்மாவப் பாத்துண்டு, அப்படியே ஆத்துல ரெண்டு பாத்திரமும் அலம்பி வச்சுட்டா சௌகரியமா இருக்கும்" என்றார். உள்ளேயிருந்து அந்தப் பாட்டியம்மாவே குரல் கொடுத்தார்: "ஏண்டா, நாலு வருஷம் படிச்சுட்டு வந்திருக்கா. ஒன் எச்சில் தட்ட அலம்பவா? அவள அனுப்பிடு. நீயே அலம்பு." வெளியே வந்து அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். அந்த மாதம் அவள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

கடைசியில் அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனை அவளை எடுத்துக்கொண்டது. பெயர் வேண்டாம். "பேரண்ட் சைன் வேணும், அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடி அறை. வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "உக்காருங்க சார்" என்றாள். இருபது வருஷமாக மருத்துவமனை வாசலில் நிற்கிறேன், உள்ளே கூப்பிட்டு சார் என்று யாரும் சொன்னதில்லை.

ஆங்கிலத்தில் அடித்த ஏழெட்டுத் தாள்களைக் கொடுத்தாள். மகள் படித்துக்கொண்டே வந்து மூன்றாவது தாளில் நின்றாள்.

"நைனா, இதுல ரெண்டு வருஷம்னு போட்டுக்கீது."

"ரெண்டு வருஷம் வேலை தரோம்னு எழுதியே குடுக்கறாங்க. அதுக்கு இன்னா யோசனை?"

"அது இல்ல நைனா. ரெண்டு வருஷம் முடியற வரைக்கும் ஒரிஜினல் எல்லாம் இவங்ககிட்டயே இருக்குமாம்."

"இருக்கட்டுமே. என் ஆர்.சி. புக்கு என் கைலயா கீது? வண்டி ஓடல?"

இதுதான் நான் செய்த தப்பு. அது எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை மூன்று ஆட்டோ வாங்கிவிட்டேன், மூன்றும் ஃபைனான்ஸில்தான். வண்டியின் புத்தகம் சேட்டு கடை பீரோவில் இருக்கும், நாங்கள் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு ஓட்டுவோம். ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். முக்கியமான காகிதம் என்றால் அது பெரிய இடத்தில் இன்னொருவர் பூட்டில் இருப்பதுதான் வழக்கம் என்று என் மண்டையில் பதிந்துபோயிருந்தது. என் மகள் நாலு வருஷம் படித்து வாங்கியதும் கடனுக்கு வாங்கிய வண்டியும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை.

அந்த எச்.ஆர். பெண் லேசாகச் சிரித்து, "அப்பா கரெக்டா சொல்றாங்க" என்றாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நீல ஃபைலை மேசைமேல் வைத்தாள். நான் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன். நன்றாகப் பெரிதாகவே போட்டேன்.

பதினோரு மாதம் அங்கே வேலை பார்த்தாள். ஒரு வார்டுக்கு முப்பது பேர், இரண்டு நர்ஸ். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை என்றால் இவளையே இருக்கச் சொல்வார்கள். மாட்டேன் என்றால், "உன் ஃபைல் எங்ககிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்களாம். வீட்டுக்கு வந்தால் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வாள். கணுக்கால் வீங்கியிருக்கும். வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்பாள், பொய் இல்லை. ஒரு கிழவருக்கு டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று பேர் குத்திப் பார்த்து விட்டுவிட்ட பிறகு இவள் போய் முதல் தடவையே ஏற்றிவிட்டாளாம். அந்த ஒன்றை மட்டும் வீட்டில் நாலு தடவை சொன்னாள்.

இதற்கிடையில் அரசு ஒப்பந்த நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். ஒருநாள் போனில் செய்தி வந்தது. தேறியிருக்கிறாள். ஒன்பது நாள் கழித்து தேனாம்பேட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கொண்டுவர வேண்டும், நகல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வராதவர்களுக்கு மறு வாய்ப்புக் கிடையாது.

அவள் மருத்துவமனையில் ஃபைலைக் கேட்டாள், கிடைக்கவில்லை. அடுத்த நாள் நான் போனேன். சண்டை போடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் போனேன். அதே கண்ணாடி அறை, அதே பெண். நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அந்தத் தாள்களை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்கதானே சார் சைன் போட்டீங்க?"

என் கையெழுத்துதான். தாளுக்குத் தாள், கொட்டை கொட்டையாக.

"ரெண்டு வருஷம் வேலை தரீங்கன்னு நெனச்சிப் போட்டதும்மா அது."

அவள் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்னோட ஒரிஜினலும் இங்க பீரோலதான் சார் இருக்கு. எனக்குக் கல்யாணம் பேசறாங்க, பெங்களூர் மாப்பிள்ளை. நான் எப்படிப் போவேன்னு எனக்கே தெரியல."

கத்துவதற்கென்று தொண்டை வரை கொண்டு வந்திருந்ததை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றேன். மேனேஜரைப் பார்க்கவேண்டும் என்றேன். ஒரு மணி நேரம் உட்காரவைத்த பிறகு உள்ளே விட்டார்கள். அவர் டை கட்டியிருந்தார். என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார்.

"நாங்க ஃப்ரெஷர எடுத்து ட்ரெயின் பண்றோம். கத்துக்கிட்டதும் ஓடிடறாங்க. நாங்க என்ன ட்ரெயினிங் சென்டரா நடத்தறோம்?"

"நீங்க எங்க சார் கத்துக்குடுத்தீங்க? அவ நாலு வருஷம் காலேஜுல கத்துக்கினு வந்தா. வந்த மொத நாளே முப்பது பேரப் பாத்துக்கோன்னு வார்டுல நிக்க வச்சீங்க. இதுக்குப் பேரு ட்ரெயினிங்கா?"

"கத்தாதீங்க. பேஷன்ட்ஸ் இருக்காங்க."

"அவங்கள யார் சார் பாத்துக்கினு இருக்கா? எம் பொண்ணுதான்!"

இரண்டு காவலாளிகள் கதவருகே வந்து நின்றார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

என் வண்டியில் அடிக்கடி ஹைகோர்ட் போகும் வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "அத அவங்க வச்சுக்கறதே தப்பு. கேஸ் போட்டா வாங்கிடலாம்" என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் வெளியே பார்த்தார். "ஆகும்பா" என்றார். எங்களிடம் ஆறு நாள்தான் இருந்தது.

மகள் என்னிடம் எதுவும் சொல்லாமல் தினமும் டூட்டி முடிந்ததும் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றிருக்கிறாள். நாலாவது நாள் அவர் இறங்கி வந்தார், தன் வழியில். ஃபைலை அவள் கையில் தரமாட்டார். மருத்துவமனைக் காவலாளி ஒருவர் ஃபைலோடு வருவார். சரிபார்க்கும் இடத்தில் எடுத்துக் காட்டுவார். முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து பீரோவில் வைப்பார்.

அவள் வீட்டில் வந்து இதைச் சொன்னபோது நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஜெயிலிலிருந்து கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரி என் மகளின் படிப்பைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். "ஒத்துக்கினு வந்தேன் நைனா. வேற வழி இருந்தா சொல்லு" என்றாள்.

சரிபார்ப்பு நாளன்று காலையில் என் வண்டியிலேயே போனோம். பின்சீட்டில் மகள். பக்கத்தில் அந்தக் காவலாளி, அறுபது வயது இருக்கும், தொளதொளவென்று யூனிஃபார்ம். ஃபைலை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். கோட்டூர்புரம் பாலம் தாண்டி நந்தனம் சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நேராத்தான போறோம்?" என்றார் அவர்.

"நேராத்தான். ஏன்?"

"இல்ல, டிரைவர் அவங்கப்பா, வழிய மாத்தினாலும் மாத்துவாரு, ஜாக்கிரதைன்னு மேனேஜர் சொல்லி அனுப்பிச்சாரு."

"அண்ணா, நீங்க பயப்படாதீங்க" என்றாள் என் மகள். "எங்க நைனா சவாரி ஏத்திட்டா அமெரிக்காக்காரனையே சுத்தி விடமாட்டாரு. ஆனா இன்னிக்கு மீட்டர் இல்லாத சவாரி. அந்தக் கடுப்புதான் மூஞ்சில கீது."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலுவலக வாசலில் ஃபைலும் கையுமாகக் கூட்டம். பெரும்பாலும் பெண்கள்தான். இடுப்பில் குழந்தையோடு சிலர், குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நின்ற சிலர். எல்லார் கையிலும் அவரவர் ஃபைல் இருந்தது. என் மகள் கை மட்டும் காலி. அழைப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

கேட்டில் ஓர் ஊழியர் தடுத்தார். "கேண்டிடேட் மட்டும் உள்ள. நீங்க யாரு, அப்பாவா?"

"இல்ல சார், செக்யூரிட்டி" என்றார் நம் ஆள்.

"யாருக்கு செக்யூரிட்டி?"

"சர்ட்டிபிகேட்டுக்கு சார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு விஷயம் புரிந்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி, "எந்த ஆஸ்பத்திரி? எனக்கும் இப்படித்தான் வச்சிருந்தாங்க, அழுது வாங்கினேன்" என்றாள்.

காவலாளி மருத்துவமனைக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். உள்ளே நம்பர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டில் இருந்தவர், "என்னம்மா, போறியா, இல்ல அடுத்த ஆள அனுப்பட்டுமா?" என்றார். மகள் காவலாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பையிலிருந்து ஃபைலை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உன் வண்டி சாவியக் குடு" என்றார்.

கொடுத்தேன். அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பட்டன் மாட்டிய பிறகுதான் ஃபைல் அவள் கைக்குப் போனது. அவள் ஓடினாள்.

இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவர் பையிலிருந்து எலுமிச்சம்பழச் சோறு எடுத்துப் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். "எம்மேல இன்னாத்துக்குக் கோவம்? நான் இன்னா பண்ணேன்? தெனம் அந்தப் புள்ளதான் எனக்கு சுகர் மாத்திரை சாப்ட்டியான்னு கேக்கும்" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அவள் வெளியே வந்தாள். எல்லாம் சரியாக இருந்ததாம். காவலாளி எழுந்து, ஒரு கையில் என் சாவியை எடுத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினார். அவள் ஃபைலைத் தன் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"சிஸ்டர்…"

"தரமாட்டேண்ணா."

"எம் பொழப்பு போய்டும் சிஸ்டர்."

வழியெல்லாம் அந்த ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசித்து வந்தவன் நான். அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது. "குடுத்துடும்மா. அவரு வேலை பூடும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அன்னிக்குக் குடுன்னு சொன்ன, குடுத்தேன். இன்னிக்கு நீ பேசாத நைனா." பிறகு அவரிடம் சொன்னாள்: "அண்ணா, உங்க மேல பழி வராது. ஓடியும் போமாட்டேன். நானே வந்து சொல்றேன். வண்டில ஏறுங்க."

காவலாளி சாவியை என் கையில் வைத்தார், அடையாறுக்குத் திரும்பினோம். மேனேஜர் அறைக்குள் அவள் முன்னால் போனாள், நானும் காவலாளியும் கதவருகே நின்றோம்.

"சார், ஃபைல் எங்கிட்டதான் இருக்கு. அங்க கேண்டிடேட்ட மட்டும்தான் விட்டாங்க, அதனால அண்ணா எங்கிட்ட குடுத்தாரு. அவர் மேல தப்பு இல்ல. நான்தான் திருப்பிக் குடுக்கல. எனக்கு மூணு மணிக்கு டூட்டி. டூட்டி பாக்கறேன். ரெண்டு வருஷத்துல மீதி இருக்கிற மாசத்தையும் பாக்கறேன். ஆனா ஃபைல் எங்க வீட்ல இருக்கும்."

அவள் முழுதாகச் சொல்லி முடித்தாள்.

அவர் அப்போதுதான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "ஐ.டி. கார்ட வச்சுட்டு வெளிய போ. எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்னு இந்தப் பக்கம் வந்துடாத. நீ இங்க வேலையே பாக்கல, புரியுதா?"

பதினோரு மாதம் வேலையே பார்க்கவில்லையாம். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். காவலாளி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மகள் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் எதிரே வந்த நர்ஸிடம், "ஆறாம் பெட் அம்மாவுக்கு வலது கைல வெய்ன் கிடைக்காதுக்கா. இடது கைல பாரு, முழங்கைக்குக் கீழ" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினாள்.

காவலாளிக்கு வேலை போகவில்லை. அவரை அனுப்பிய செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் தரமணியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருநாள் அந்தப் பக்கம் சவாரி போனபோது பார்த்தேன். "உம் பொண்ணால எனக்கு இப்போ மூணு பஸ்" என்று திட்டினார். திட்டட்டும். மருத்துவமனையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. வக்கீல் ஒரு பதில் எழுதினார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு கடிதத்துக்கு அடங்கிப்போகிறவர்கள்தான் பதினோரு மாதம் அவளைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அரசு பட்டியல் வந்தது. காத்திருப்போர் வரிசையில் அவள் பெயர் இருக்கிறது. கூப்பிடுவார்களோ, மாட்டார்களோ, தெரியாது. மறுபடி வேலை தேடினோம். இரண்டு இடத்தில் ஒரிஜினல் கேட்டார்கள். "பாருங்க, பாத்துட்டு இப்பவே குடுங்க. ஜெராக்ஸ் வச்சுக்கங்க" என்றாள். அப்படியென்றால் வேண்டாம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டாள். இரண்டு தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது, மயிலாப்பூரில் இருபது படுக்கை உள்ள ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே தலைமை நர்ஸாக இருந்த அம்மா ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். அனுபவம் என்ற கட்டத்தில் அவள் பதினோரு மாதம் என்று எழுதியிருந்தாள்.

"அதுக்குப் பேப்பர் எங்கம்மா?"

"குடுக்கல மேடம்."

"பேப்பர் இல்லாம நான் எப்படி நம்பறது?"

"வார்டுல யாருக்காவது வெய்ன் கிடைக்காம இருந்தா சொல்லுங்க மேடம், ஏத்திக் காட்டறேன்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "வாய் ஜாஸ்தி" என்றார். பிறகு எழுந்து, "வா" என்றார். இருவரும் உள்ளே போனார்கள். கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்ததும் அந்த அம்மா என்னிடம், "நாளையிலேருந்து வரச் சொல்லிட்டேன். ஆனா பேப்பர் இல்ல பாருங்க, ஆபீஸ்ல ஃப்ரெஷர்னுதான் போடுவாங்க. என்னால முடிஞ்சது இவ்ளோதான்" என்றார்.

வேலைக் கடிதத்தை வண்டியில் வைத்துப் படித்தேன். எழுத்துக்கூட்டி, எல்லா வரியையும் படித்தேன், புரியாததை மகளிடம் கேட்டேன். அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று அடித்திருந்தது. வீங்கின கால்கள், இரட்டை ஷிப்டுகள், மூன்று பேர் குத்திப் பார்த்துக் கிடைக்காத நரம்பு, எதுவுமே நடக்கவில்லை என்கிறது அந்த ஒரு வார்த்தை. அதைப் போடவைத்தது அடையாறில் டை கட்டிய அந்த ஆள், அவர் கைக்குப் பேனாவைக் கொடுத்தது நான். மகளுக்கு இதில் இப்போது கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது, அவர் மேலும், என் மேலும்.

பிள்ளைகளே, நீங்களும் நாலு வருஷம் கழித்து ஒரு கண்ணாடி அறையில் உட்கார்வீர்கள். பக்கத்தில் சலவைச் சட்டையோடு உங்கள் அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். "குடு, பெரிய இடத்துல கேக்கறாங்க" என்று சொல்வார்கள், பாசத்தில்தான் சொல்வார்கள். அப்போது அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஃபைலை மடியிலேயே வைத்துக்கொண்டு, மூன்றாவது தாளைச் சத்தம் போட்டுப் படித்து, அவர்களுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லுங்கள்.